பனோரமாவில் நேரான சுவர் வில் மாதிரி வளைகிறதே, மென்பொருளில் சரிசெய்ய முடியுமா?

முடியும், காசு செலவில்லாமலே.

வேலூர் கோட்டையை அகழிக்கு இந்தப் பக்கம் நின்று போனில் பனோரமா எடுத்தேன். கருங்கல் மதில் நடுவில் புடைத்து, இரண்டு ஓரமும் சூம்பி, மீன் மாதிரி வந்தது. "கோட்டை எப்போடா வட்டமாச்சு?" என்றார் அம்மா.

போன் மேல் தப்பில்லை. நம்மைச் சுற்றிக் காகிதத்தை உருளையாக நிறுத்தி, தெரிவதையெல்லாம் அதில் வரைந்து, அப்புறம் பிரித்துத் தரையில் விரித்தால் என்ன வருமோ அதுதான் அந்தப் படம். படுக்கைக் கோடுகளில் கண் மட்டத்தில் ஓடுவது மட்டும் நேராக நிற்கும். மேலே மதில் விளிம்பும் கீழே தண்ணீர்க் கோடும் வளைந்துதான் ஆக வேண்டும்.

நான் பயன்படுத்துவது ஹியூகின் என்ற இலவச மென்பொருள். ஹெல்முட் டெர்ஷ் என்பவர் 1998இல் தொடங்கிய பனோரமா டூல்ஸ் என்ற மென்பொருளின் வழி வந்தது. எடுத்து முடித்த பனோரமாவையே ஒற்றைப் படமாக ஏற்றி, லென்ஸ் வகையை உருளை என்று வைத்து, கிடைமட்டக் கோணத்தை (படம் இடமிருந்து வலம் எத்தனை டிகிரியைக் காட்டுகிறது என்பதை) கொடுத்து, வெளியீட்டை ரெக்டிலீனியருக்கு, அதாவது நேர்கோட்டை நேராகவே காட்டும் வடிவத்துக்கு, மாற்றுங்கள். கோணம் தெரியாதா? மதில் நிமிரும்வரை எண்ணை ஏற்றி இறக்கிப் பாருங்கள், அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் ஓரங்கள் இழுபடும். 120 டிகிரி படத்தில் கடைசி விளிம்பு, நடுப்பகுதியைவிட அகலத்தில் 4 மடங்கு, உயரத்தில் 2 மடங்கு பெருக்கும். என் படத்தில் ஓரமாக நின்ற வேர்க்கடலை வண்டி லாரி ஆகிவிட்டது! 90 டிகிரியோடு வெட்டிவிடுவது என் வழக்கம். லாங்கு பஜார் மாதிரி நீளமான தெரு என்றால் ரெக்டிலீனியருக்குப் பதில் பன்னீனி என்ற வெளியீட்டு வடிவம் நன்றாக இருக்கும். எதிரே குறுக்காக நிற்கும் மதிலுக்கு அது வேண்டாம்.

தனித்தனிப் படங்களை ஒட்டுவதாக இருந்தால் இன்னொரு தொல்லை. ஹியூகின் தானாகப் பிடிக்கும் இணைப்புப் புள்ளிகளில் (இரண்டு படத்திலும் ஒன்றே என்று அது பொருத்தும் இடங்களில்) சில அகழித் தண்ணீரில் போய் உட்காரும். அடுத்த படம் எடுப்பதற்குள் அலை நகர்ந்திருக்கும். அவற்றை நீக்கிவிட்டு மதில் கல் இடுக்குகளில் நீங்களே புள்ளி வையுங்கள்.

அதையும் செய்தேன். மதில் கச்சிதமாக ஒட்டியது, எனக்குப் பக்கத்திலிருந்த கம்பி வேலி மட்டும் இரண்டாக உடைந்தது. கையை நீட்டிக்கொண்டு உடம்போடு திரும்பியதில் லென்ஸ் இடம் மாறியதுதான் காரணம். இப்போது லென்ஸுக்கு நேர் கீழே நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறேன், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. கல் தரையில் ஒரே புள்ளிக்கு மேல் நிற்கும்படி நான்தான் போனைச் சுற்றி வருகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், வேலி உடைவதில்லை.