மஹல்லாத் 'அபார்ட்மெண்ட் நம்பர் 1' ஆகா கான் விருது வாங்கியதா?

ஈரானின் மஹல்லாத் ஊரில் உள்ள இந்த அடுக்குமாடிக் குடியிருப்பு, கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதை 2013இல் வென்றது என்ற குறிப்பை உங்கள் கட்டுரைக்காகச் சரிபார்க்கிறீர்கள். இல்லை, வாங்கவில்லை. 2013 சுற்றில் அது இறுதிப் பட்டியலில் இருந்த 20 கட்டடங்களில் ஒன்று. விருது கிடைத்தது ஐந்துக்குத்தான். வெற்றிப் பட்டியலில் எவ்வளவு தேடியும் நீங்கள் அதைக் காணாததற்குக் காரணம் இதுதான்.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்றால், அதே 2013இல் வேறொரு ஈரானியப் பணி வென்றது: தப்ரீஸ் பஜார் புனரமைப்பு. 'ஈரான், 2013, ஆகா கான்' என்று மூன்றும் சேர்ந்ததும், யாரோ குடியிருப்பின் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

சரிபார்க்க, விருது அமைப்பின் பக்கத்தில் கட்டடத்தின் பெயரைத் தேடி, நிலை என்ன என்று பாருங்கள். 'இறுதிப் பட்டியல்' என்று மட்டும் இருந்தால், விருது கிடைக்கவில்லை என்று பொருள். அப்புறம், பாரசீகக் கட்டுரையிலிருந்து ஆண்டை எடுத்தால் கவனம்: அங்கே இருப்பது ஈரானிய நாட்காட்டி ஆண்டு. அதில் 1392 என்பது 2013 மார்ச்சில் தொடங்கி 2014 மார்ச்சில் முடிகிறது. ஆங்கில ஆண்டைப் பெற 621ஐக் கூட்டினால் எப்போதும் சரியாக வராது. சில மாதங்களுக்கு 622.

இன்னொன்று. ஈரானுக்குள்ளேயே 'மெமார்' என்ற கட்டடக்கலை இதழ் 2001 முதல் விருது கொடுக்கிறது, அதில் குடியிருப்புக்குத் தனிப் பிரிவு உண்டு. 'விருது பெற்ற வீடு' என்று மட்டும் எழுதியிருந்தால் எது என்று கேளுங்கள்.

விருது இல்லை என்பதற்காக இந்தக் கட்டடத்தை உங்கள் கட்டுரையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். மஹல்லாத் கல் அறுக்கும் ஊர். வெட்டும்போது பாதிக்கும் மேற்பட்ட கல் வீணாகும். அந்தத் துண்டுகளை அடுக்கித்தான் ஐந்து மாடிச் சுவரையும் எழுப்பினார்கள். உள்வாங்கிய ஜன்னல்களுக்குக் கனமான மரக் கதவு. வெயிலுக்கு ஏற்ப வீட்டார் திறந்து மூடிக்கொள்ளலாம்.