அடைத்த பைப்புக்குள் கமரா விடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்று மாடிச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சமையலறைக் கழிவு பைப் அடைத்துப் பின்பக்கம் பொங்குகிறது. பைப் பாஸ் வந்து கம்பியால் குத்திவிட்டுப் போவார், திரும்பவும் அதே கதை. கமரா விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தச் செலவு தேவையா?

பதில்: தேவைதான். ஆனால் அடைத்து நிற்கும்போது விடாதீர்கள். கறுப்புத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. முதலில் ஜெட் அடித்து, அதாவது அழுத்தத்தில் தண்ணீர் பீச்சி, உட்சுவரைக் கழுவி, அன்றைக்கே கமராவை அனுப்ப வேண்டும்.

கமரா போகும்போது மேல்மாடியில் ஒரு குழாயை மெல்லத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். திரையின் மூலையில் தூரம் ஓடிக்கொண்டிருக்கும். 11 மீற்றர் வரை அடியில் நூலாக ஓடிய தண்ணீர் 12இல் லென்ஸை மூடி, 14இல் விலகினால், அந்த இடத்தில் பைப் பள்ளமாக இறங்கியிருக்கிறது. கொத்துக் கல்லிலும் பொரியல் சட்டியிலும் இருந்து போகும் எண்ணெய் அங்கேதான் ஆறி உறைந்து, சோற்றையும் பிடித்துக்கொண்டு வளரும். குத்துக்கம்பி அதன் நடுவே ஓட்டை போடும், அவ்வளவுதான். உங்கள் இரண்டு மாதக் கணக்கைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் இதுதான். கழிவிலிருந்து எண்ணெயைப் பிடித்து வைக்கும் தொட்டி, அதாவது கிறீஸ் ட்ரப், கடைசியாக எப்போது துப்புரவானது என்றும் பாருங்கள். கொதிநீர் ஊற்றிக் கரைப்பது வேண்டாம். கொழுப்பு இன்னும் தள்ளிப் போய் உறையும்.

பழைய கட்டடம் என்றால் சுட்ட களிமண் பைப்பாக இருக்கலாம். அதன் மூட்டுகளில் வேர் நுழையும். ஓரிடத்தில் பைப் நிறைய அரசமர வேர் தலைமுடிபோலத் தொங்கியதைப் பார்த்தேன். மரம் நின்றதோ பக்கத்துக் காணியில்.

மழை நாளில் மட்டும் கூடுதலாகப் பொங்குகிறதா? அப்படியானால் கூரைத் தண்ணீரை யாரோ கழிவு லைனில் சேர்த்திருக்கக்கூடும். அது மழைநீர்க் கானுக்குப் போக வேண்டிய தண்ணீர். பக்கவாட்டில் வந்து சேரும் பைப்பைக் கமரா காட்டிவிடும்.

வேலை முடிந்ததும் வீடியோவையே கேட்டு வாங்குங்கள். எந்த மேன்ஹோலில் தொடங்கி எந்தப் பக்கம் போனார்கள், குறை எத்தனையாவது மீற்றரில் என்பது அதில் இருக்க வேண்டும். கமராத் தலையில் சிக்னல் கருவி இருந்தால், மேலேயிருந்து இடத்தைக் கண்டுபிடித்துத் தரையில் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை எங்களுக்கு ஒரு நிறுவனம் வெறும் கடதாசி அறிக்கையைத் தந்தது. அதை நம்பி டைல்ஸ் உடைத்தோம். குறை 3 மீற்றர் தள்ளி இருந்தது. அந்தக் கடைக்காரரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

குறை வீதிக்கு அடியில் பிரதான லைனில் என்றால் அதே வீடியோவோடு மாநகர சபைக்குப் போங்கள். உங்கள் பக்கம் என்றால் திருத்திய கையோடு இன்னொரு தடவை படம் எடுத்து வையுங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை, மே மாத மழைக்கு முன் எடுத்து, பழையதோடு ஒப்பிட்டால் போதும்.

ஒன்று மட்டும்: மேன்ஹோலுக்குள் யாரையும் இறங்க விடாதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைட் தேங்கியிருக்கும். அளவு கூடினால் மணமே தெரியாது, இறங்கியவர் அப்படியே மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார்.