பம்பை நிறுத்திய பிறகு பாருங்கள்: பாறைப் பிளவு கேள்வி-பதில்

போர்வெல்லில் தண்ணீரை அழுத்திப் பாறையைப் பிளந்தோம் (ஹைட்ரோ பிராக்சரிங்). அந்தப் பிளவுக்கான கணினி மாடல் தரும் அழுத்தக் கோடும் கிணற்றில் பதிவான கோடும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பிளவின் நீளம் 40 மீட்டர் என்று ஆய்வேட்டில் எழுதலாமா?
– புவியியல் மாணவி, திருமயம்

இப்போதைக்கு எழுதாதீர்கள். நீளத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டினாலும், பிளவிலிருந்து பாறைக்குள் போகும் நீர்க்கசிவைக் கொஞ்சம் மாற்றினாலும் அதே கோடு வரும். பம்ப் ஓடும்போது மேலே உள்ள கேஜ் காட்டும் அழுத்தத்தில் குழாய் உராய்வும் கலந்திருக்கிறது. நிறுத்தியதும் அது போய்விடும். முள் சட்டென்று ஒரு படி இறங்கும், அப்புறம் மெதுவாக வடியும். அந்த வடிதலில்தான் விஷயம் இருக்கிறது.

பம்பை நிறுத்தியதிலிருந்து எண்ணும் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக அழுத்தத்தை வரையுங்கள். நேர்கோட்டை விட்டு விலகும் இடத்தில் பிளவு மூடிக்கொள்கிறது; பாறையின் குறைந்தபட்சத் தகைவு (பிளவை மூடப் பார்க்கும் நெருக்கம்) அந்த இடத்து அழுத்தம்தான். அதுவரை உள்ள சரிவு கசிவைச் சொல்லும். நோல்டே என்ற ஆய்வாளர் 1979-ல் தந்த ஜி-சார்பு வரைபடத்திலும் (நேரத்தை 'ஜி' என்ற சார்பாக மாற்றி வரைவது) மூடும் இடத்தைப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மாடலைத் தொடவே வேண்டாம். ஒத்துவந்தால் தகைவையும் கசிவையும் மாற்றாமல் வைத்து, நீளத்தையும் உயரத்தையும் மட்டும் நகர்த்துங்கள். கேஜ் தரைமட்டத்தில் இருந்தால் நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்: 100 மீட்டருக்கு ஏறக்குறைய 10 பார். இவ்வளவுக்குப் பிறகும் நீளத்தை ஒற்றை எண்ணாக எழுதாமல் 'இதிலிருந்து இதுவரை' என்று எழுதுவதே நேர்மை.

எங்கள் போர்வெல்லில் ஹைட்ரோ பிராக்சரிங் செய்தார்கள். 'பிரஷர் ஏறி டக்கென்று விழுந்தது, பாறை பிளந்துவிட்டது' என்கிறார்கள். தண்ணீர் கூடுமா?
– விவசாயி, கோனாபட்டு

பிரஷர் விழுந்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது ஐயா. பேக்கர் (துளையை இடையில் அடைக்கும் ரப்பர் அடைப்பு) கசிந்தாலும் விழும். அப்போது பேக்கருக்கு மேலே தண்ணீர் ஏறி வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். பாறை உண்மையிலேயே பிளந்திருந்தாலும், அந்தப் பிளவு தண்ணீர் ஓடும் வெடிப்பைத் தொட்டிருக்க வேண்டும். முன்பு இறைத்த அதே அளவில் இப்போதும் இறைத்து, நிறுத்தியபின் நீர்மட்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று ஒப்பிடுங்கள். வேலைக்கு முன்பே இந்த அளவை எடுக்காமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

காரைக்குடியில் இதைச் செய்யலாமா?

சம்பை ஊற்றுப் பக்கம் மணற்பாறைப் படிவு. இந்த முறை கெட்டிப் பாறைக்கானது. வேண்டாம்.

பம்பிங் டெஸ்ட் (தண்ணீரை இறைத்து நீர்மட்டம் இறங்குவதை அளக்கும் சோதனை) பதிவைப் பிளவு மாடலுக்கு எப்படிப் பயன்படுத்துவது?
– பொறியாளர், தேவகோட்டை

நீர்மட்ட இறக்கத்தையும் நேரத்தையும் இரண்டு அச்சும் மடக்கையாக உள்ள (லாக்-லாக்) தாளில் வரையுங்கள். முதலில் வருவது போர்வெல்லுக்குள் தேங்கிய தண்ணீர். அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். அதன்பின் சாய்வு அரை என்றால் பிளவில் தண்ணீர் தாராளமாக ஓடுகிறது. கால் என்றால் பிளவே ஒடுக்கம். மாடலில் அகலத்தைக் குறையுங்கள்.