கேஸ்-கன்ட்ரோல் ஆய்வில் ரிலேட்டிவ் ரிஸ்க் போடலாமா?

பெங்களூரில் டெங்கு வந்த 100 பேர், வராத 100 பேர் (இவர்கள்தான் கன்ட்ரோல்) என்று எடுத்து ஒப்பிடும் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வில், ரிலேட்டிவ் ரிஸ்க் (மூடாத தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் எத்தனை மடங்கு என்பது) 1.5 என்று போட்டதை கைடு அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவர் செய்தது சரிதான். நோய் வராதவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டதால், அந்த அட்டவணையிலிருந்து நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடவே முடியாது. உங்கள் எண்களையே பாருங்கள்: மூடாத தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் நோயாளிகளில் 60, மற்றவர்களில் 40. கன்ட்ரோலை 200 ஆக்கி, அதே விகிதத்தில் 80 பேரிடம் தொட்டி இருப்பதாக வைத்தால் ரிலேட்டிவ் ரிஸ்க் 1.71 ஆகிவிடும், ஆட்ஸ் ரேஷியோ (நோயாளிகளில் தொட்டி இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள விகிதத்தை, கன்ட்ரோலில் உள்ள அதே விகிதத்தால் வகுத்தால் வருவது) மட்டும் இரண்டிலும் 2.25 தான். அதையே எழுதுங்கள், 95 சதவீத நம்பிக்கை இடைவெளியோடு (உங்கள் 100-100 எண்களுக்கு 1.28 முதல் 3.96). ஓப்பன்எபி என்ற இணையதளம் இலவசமாகவே கணக்குப் போட்டுத் தரும், ஆனாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.