தெருக்குழாயில் மோட்டார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

சென்னை வியாசர்பாடியில் இருக்கிறேன். வயது 23. பி.காம். முடித்துவிட்டு உணவு விநியோகம் செய்துகொண்டிருந்தேன். சில மாதங்களாக மாமாவோடு பிளம்பிங் வேலைக்குப் போகிறேன். ஐ.டி.ஐ.யில் முறையாகப் படிக்க வேண்டுமா, கூடவே இருந்து கற்றுக்கொண்டால் போதுமா? தனியாக வேலை பிடிப்பது எப்படி? பட்டம் வாங்கியவன் ஸ்பேனர் தூக்குகிறான் என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் போன வாரம் ஒரு வீட்டில் மெட்ரோ தண்ணீர்க் குழாயில் நேராக மோட்டார் மாட்டிக்கொடுத்தோம். தண்ணீர் கொட்டியதும் அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல தொழிலுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

எஸ்.

அன்புள்ள தம்பி,

உறவினர்களை விடு. அவர்கள் வீட்டுக் கழிப்பறை அடைத்துக்கொண்டால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். கூலியைக் கறாராக வாங்கிக்கொள். ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஓராண்டுதான், சேர்ந்துவிடு. மாமாவிடம் கை பழகும். ஆனால் கழிவுக் குழாய்க்கு ஏன் இவ்வளவு வாட்டம் (சரிவு) என்று கேட்டால் ‘எப்போதும் இப்படித்தான்’ என்பார்.

நான் எழுத உட்கார்ந்தது அந்த மோட்டாருக்காக.

கும்பிட்டாராம்! அடுத்த வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று பார்த்தாயா? நான் வளர்ந்தது கொருக்குப்பேட்டையில். நள்ளிரவுக்கு மேல்தான் தண்ணீர் வரும். தெருக்குழாயோடு இணைத்த அடி பம்பில் முதல் இரண்டு குடம் கறுப்பாக, நாற்றத்தோடு வரும். அதைக் கொட்டிவிட்டுத்தான் அம்மா பிடிப்பார். தெருமுனை வீட்டில் மோட்டார் வந்தது. பிறகு எங்கள் பம்பில் காற்றுதான் அதிகம் வந்தது. வந்த தண்ணீரும் கடைசிக் குடம்வரை நாறியது. அந்த ஆண்டு என் தம்பிக்கு மஞ்சள் காமாலை. வாரக்கணக்கில் கீழாநெல்லி அரைத்தோம். மோட்டாரால்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் குழாய்க்குள் நடப்பதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குச் சந்தேகமும் இல்லை.

நடப்பது இதுதான். புழல் ஏரியிலிருந்தோ கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்தோ சுத்தமாகத்தான் தண்ணீர் புறப்படுகிறது. நம் குறுகலான தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இரண்டும் பழசு, இரண்டிலும் விரிசல். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சினால் உள்ளே அழுத்தம் விழுந்துவிடும். வெளியே மண்ணில் ஊறிக் கிடப்பது குழாய்க்குள் வரும். அதைத் தெரு முழுவதும் குடிக்கிறது, கும்பிட்ட அந்த அம்மா உட்பட.

அடி பம்பும் உறிஞ்சுவதுதானே என்பாய். உண்மைதான். ஆனால் அடிப்பவருக்குக் கை வலிக்கும், நிறுத்திவிடுவார். அரைக் குதிரைசக்தி மோட்டாருக்கு வலி கிடையாது. குழாயில் நேராக மோட்டார் வைப்பது சட்டவிரோதம் என்பதும், குடிநீர் வாரியம் பறிமுதல் செய்யும் என்பதும் உன் மாமாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மாட்டுகிறார். அவர் மாட்டாவிட்டால் இன்னொருவர் மாட்டுவார் என்று சொல்லவும் சொல்வார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

குழாய் மட்டத்துக்குக் கீழே சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, கட்டினால் தண்ணீர் தானாக இறங்கும். மோட்டாரை சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு வை. இடமில்லாத வீட்டில் பள்ளம் தோண்டி மூடியுள்ள டிரம் ஒன்றை இறக்கலாம், கழிவுநீர்த் தொட்டியிலிருந்து தள்ளி. இதில் வேலையும் கூடுதல், கூலியும் கூடுதல். அந்த வீட்டுக்குத் திரும்பப் போய் இதைச் சொல். மோட்டாரைக் கழற்றக் காசு வாங்காதே.

வேலை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருந்தாய் அல்லவா? பகுதியில் உள்ள ஹார்டுவேர் கடைகளில் உன் எண்ணைக் கொடுத்துவை. குழாய் வாங்க வருகிறவர்கள் அங்கேதான் ஆள் கேட்பார்கள். கடைக்காரர் கமிஷன் பேசுவார், அது உன் பாடு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய். 18 வயது ஆனவர்கள் சேரலாம், பிளம்பர்களும் அதில் உண்டு. மாமா பதிந்திருக்கிறாரா என்றும் கேள். 60 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது.