திறந்த மனமும் அறிவுப் பணிவும் ஒருவருக்கு உண்மையில் எந்த வகையில் பயன்படுகின்றன?

இந்தக் கேள்வியைப் படித்ததும் 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் நடந்த ஒரு சந்திப்பு என் நினைவுக்கு வந்தது. அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை, கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் ஐயர் வரிசையாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கு முந்திய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். ஐயர் அதைப் படித்திருக்கவில்லை.

படிக்கத் தகுந்த நூலானால் நம் ஆசிரியரே பாடம் சொல்லியிருப்பாரே என்று எண்ணி அவர் அதோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கற்றது திருவாவடுதுறைச் சைவ மடத்துச் சூழலில். சிந்தாமணியோ சமணக் காப்பியம். சோழ மன்னன் அதில் ஈடுபட்டிருந்ததைக் கண்டித்தே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று சைவ மரபு கூறும் நூல். அப்படிப்பட்ட நூலின் பிரதியை அவர் முதலியாரிடமிருந்து வாங்கிப் படிக்கத் தொடங்கினார். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமணக் கொள்கைகள் வரும் இடங்கள் பிடிபடாமல் போகவே, கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போனார். அவர் சொல் சொல்லாகத் தடுமாறிக்கொண்டிருந்த காப்பியத்தை அவர்கள் தம் வீடுகளில் பக்தியோடு படித்து வந்தார்கள். வித்துவான் என்று பெயர் பெற்ற ஒருவர், தம் சமயத்தார் மறுத்து ஒதுக்கிய மக்களின் முன் மாணவராக அமர்ந்து கேட்ட இந்த இடம் என்னை இன்றும் நெகிழச் செய்கிறது. அப்படிக் கேட்டிருக்காவிட்டால், 1887இல் அவர் அச்சிட்ட பதிப்பில் சமணப் பொருள் இருக்க வேண்டிய இடங்களில் ஒரு சைவரின் ஊகங்களே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். ஆகையால் பணிவு என்பதை நான் பேச்சின் தன்மையாகக் கருதுவதில்லை; ஒருவர் யாரிடம் போய்க் கேட்க முன்வருகிறார் என்பதைக் கொண்டே அதை அளக்கிறேன்.

நானும் தமிழாசிரியராக இருந்தவன். நெய்தல் திணைப் பாடல் ஒன்றில் வரும் ‘ஓதம்’ என்ற சொல்லுக்கு ‘அலை’ என்றே பல ஆண்டுகள் பொருள் சொல்லி வந்தேன். அகராதியிலும் அப்பொருள் உண்டு. ஒருநாள் கடற்கரை ஊரிலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அலை எப்பவும் அடிக்கும். ஓதம் ஏறினாத்தான் கழியில தண்ணி நிறையும், எறங்கினா சேறு தெரியும்” என்றான். எனக்கு முதலில் எழுந்தது சினம்தான். சற்று நேரம் கழித்துப் பாடலைத் திரும்பப் படித்தபோது, தலைவன் தேர் ஏன் கழியைக் கடக்க முடியாமல் நின்றது என்பது முதன்முறையாக எனக்குப் புரிந்தது. மறுநாள் அந்தப் பாடலை விளக்கும்படி அவனையே கேட்டுக்கொண்டு, நான் மாணவர்களோடு பெஞ்சில் அமர்ந்து குறிப்பெடுத்தேன்.