தூக்கம் கெடுக்கும் வசனங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சில ஆண்டுகள் விசுவாசத்தை விட்டு விலகியிருந்து திரும்பி வந்தவன் நான். மறுதலித்தவர்களைப் புதுப்பிப்பது 'கூடாதகாரியம்' என்கிறது எபிரெயர் 6:4-6. எனக்கு வழியே இல்லையா?

பதில்: இந்தப் பகுதி பல நூற்றாண்டுகளாகவே பலருடைய தூக்கத்தைக் கெடுத்து வருகிறது. கி.பி. 250 வாக்கில் ரோமப் பேரரசன் டெசியுஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். உயிருக்குப் பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள், கெடுபிடி ஓய்ந்ததும் சபைக்குத் திரும்பினார்கள். ரோமச் சபையின் மூப்பர் நோவாத்தியன் அவர்களைச் சேர்க்க மறுத்தார். அவர் வழிவந்தவர்கள் ஆதாரமாகக் காட்டியது இதே வசனத்தைத்தான். நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் அவர்களுக்கு மறுப்பு எழுதினார். இங்கே தடுக்கப்படுவது இரண்டாம் ஞானஸ்நானமே, மனந்திரும்புதல் அல்ல என்பது அவர் வாதம்.

பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் மரபினர், அப்படி விழுந்தவர்கள் உண்மையில் மறுபடி பிறந்தவர்களே அல்ல என்பார்கள். கேட்க ஆறுதல்தான், ஆனால் 'அப்படியானால் நான் உண்மையானவனா?' என்று இரவு இரண்டு மணிக்கு மனம் கேட்கத் தொடங்கிவிடும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் மரபினரோ விழுவது மெய்யாகவே சாத்தியம் என்று எச்சரிப்பார்கள். அதே மூச்சில், திரும்புகிறவனுக்குக் கதவு திறந்திருக்கிறது என்றும் பிரசங்கிப்பார்கள். கத்தோலிக்கர் உங்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவார்கள்.

என்னைக் கேட்டால், மனம் முற்றிலும் இறுகிப்போனவர் இந்தக் கேள்வியை எழுதி அனுப்பியிருக்கமாட்டார். அந்த அதிகாரத்தை ஆறாம் வசனத்தோடு மூடிவிடாதீர்கள். ஒன்பதாம் வசனத்தில் 'பிரியமானவர்களே' என்று குரலே மாறுகிறது.

கேள்வி: கர்த்தர் நம்மேல் நினைத்திருப்பவை 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்கிற எரேமியா 29:11 எனக்கு மிகவும் பிடித்த வாக்குத்தத்தம். அது எனக்குச் சொல்லப்பட்டதல்ல என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதாவது, கடிதம் வாசிக்கக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. வாழ்த்து அட்டைகளில் பத்தாம் வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை! வசனத்தைக் கைவிட வேண்டாம்; எழுபது வருஷத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனச்சோர்வில் இருக்கும் என் தங்கை 88ஆம் சங்கீதத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். விசுவாசிக்கு அது அழகல்ல என்று சபையில் ஒருவர் கண்டித்தார்.

பதில்: அவருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். ஆர்த்தடாக்ஸ் சபையின் காலை ஆராதனையில் வாசிக்கப்படும் ஆறு சங்கீதங்களில் இதுவும் ஒன்று (அவர்கள் எண்ணிக்கையில் 87). கத்தோலிக்கரின் அன்றாட வேளைச் செபங்களான திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டுக்கு உரியது இதே பாடல்தான். மனம் நன்றாக இருக்கும் நாளிலும் அவர்கள் இதைச் சொல்கிறார்கள். இருட்டில் இருக்கும் யாரோ ஒருவருக்காகவும் அது சொல்லப்படுகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. எபிரெய மூலத்தில் இதன் கடைசிச் சொல்லே 'இருள்'. அப்படியிருந்தும் இதைத் தொகுப்பிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. தங்கை வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

கேள்வி: மனுஷன் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது ரோமர் 3:28. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறது யாக்கோபு 2:24. எது சரி?

பதில்: யாக்கோபின் நிருபத்தை 1522இல் 'வைக்கோல் நிருபம்' என்றவர் லூத்தர். 1999இல் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் நீதிமானாக்கப்படுதல் (தேவன் ஒருவனை நீதிமானாக ஏற்பது) பற்றிக் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ரோமர் நிருபத்தில் பவுல் பேசுவது தன் புண்ணியக் கணக்கைக் கூட்டிக் களைத்தவனிடம். யாக்கோபு பேசுவது குளிரில் நிற்கும் சகோதரனிடம் 'குளிர்காய்ந்து பசியாறு' என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் நழுவுகிறவனிடம். இன்றைக்கு நீங்கள் எவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உங்களை இன்னும் குத்தும் வசனம்?

பதில்: 'உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்று' என்று பணக்காரனிடம் இயேசு சொன்னது. எகிப்தின் துறவி அந்தோணியார் அதைக் கேட்டு அப்படியே விற்றார். மற்றவர்கள் தப்பிக்க வாசல் தேடினார்கள். பற்றைத்தான் விடச் சொன்னார் என்றார் அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து. அது துறவிகளுக்கான ஆலோசனை என்றது இடைக்காலம். அவனுடைய சுயநீதியை உடைக்கச் சொன்னது என்பார்கள் சீர்திருத்தச் சபையார். மூன்று வாசலிலும் நான் நுழைந்து பார்த்தாயிற்று. இந்தச் சம்பவத்தை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டளைக்கு முன்னால் 'இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து' என்று எழுதியவர் மாற்கு மட்டும்தான்.